வாட்டர் வாஷுக்குப் பிறகு செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

மலைக்கோட்டைக்காரன்:
2014 மாடல் பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர். எலி கூடு கட்டி பானெட்டுக்குள் ஒரே நாற்றம். நேற்று மாலை வாட்டர் வாஷ் கடையில் எஞ்சினையும் சேர்த்துக் கழுவச் சொன்னேன். பையன் பிரஷர் துப்பாக்கியை மேலிருந்து நேராகப் பிடித்து அடித்தான். வீடு வரும்வரை வண்டி ஓடியது. சிக்னலில் நிற்கும்போது உதறியது, செக் எஞ்சின் விளக்கும் விட்டுவிட்டு எரிந்தது. இன்று காலையிலிருந்து செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதாக இல்லை. பாட்டரி புதியது. பானெட்டைத் திறந்து வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். காய்ந்தால் சரியாகிவிடுமா?

டாப்கியர்:
சாவியை ஆன் நிலையில் வைத்தால், பின் சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி 'ஊம்' என்று ஓடும் சத்தம் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் பியூஸ் பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

மலைக்கோட்டைக்காரன்:
பம்ப் சத்தம் கேட்கிறது. பியூஸ் பாக்ஸும் காய்ந்தே இருக்கிறது.

பழைய ஸ்பானர்:
தம்பி, முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். நெருப்புப் பொறி இல்லாமல் அடிக்க அடிக்க பெட்ரோல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பிளக் நனைந்து ஓவர் ஆகும், பாட்டரியும் இறங்கும்.

உங்கள் வண்டியில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே, அதற்குப் பொறிக்கான மின்சாரம் தரும் தனித்தனிக் காயில் இருக்கும். பிளக் இருப்பது கிணறு போன்ற ஆழமான குழியில். பிரஷரில் அடித்த தண்ணீர் காயிலின் ரப்பரைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டால், அதே ரப்பர் அதை ஆவியாகவும் விடாது. வெயிலில் நிறுத்தினால் பானெட்தான் காயும், குழி காயாது. பொறியும் பிளக் முனைக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். ஒரு காயில் மட்டும் நனைந்திருந்தால் மற்ற மூன்றில் மிஸ்ஸிங் அடித்தாவது, அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் உதறிக்கொண்டாவது, ஓடும். உங்களுக்குப் பிடிக்கவே இல்லை என்பதால் இரண்டு மூன்று குழிகளிலாவது தண்ணீர் இருக்கும் என்பது என் கணக்கு.

பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கனெக்டரின் பூட்டை அழுத்தி விடுவித்து, பெரும்பாலும் 10 எம்எம் போல்ட்தான் இருக்கும், அதை எடுத்துக் காயிலை நேராக மேலே இழுங்கள். பிளக்கில் இப்போது கை வைக்காதீர்கள். கழற்றினால் குழித் தண்ணீர் முழுவதும் சிலிண்டருக்குள் போய்விடும். பஞ்சர் கடைக் காற்றால் ஊதி, துணி சுற்றிய குச்சியால் ஒற்றி எடுத்த பிறகுதான் பிளக். ஊதும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், சேறும் துருவுமாகக் கண்ணுக்கு நேரே தெறிக்கும்.

பிளக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் கொடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில் அப்போது பெட்ரோல் விடுவது நின்று, உள்ளே தேங்கியது வெளியேறும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். அங்கே தண்ணீர் நின்றாலோ, செல்ஃப் சுற்றாமல் 'டக்' என்று நின்றாலோ மேற்கொண்டு அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட்தான் வளையும்.

இன்னொன்று, விட்டுவிட்டு எரியும் செக் எஞ்சின் விளக்கோடு இனி வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கும். அதன் விலை கேட்டால் தலை சுற்றும்.

டாப்கியர்:
பழைய கார்புரேட்டர் மாருதி 800-இல் இந்தத் தொல்லை, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் வரும். கழற்றி, துணியால் துடைத்து மாட்டினால் தீர்ந்தது.

பழைய ஸ்பானர்:
அந்த வண்டிக்கு மழைக்காலம் வந்தாலே போதும், வாட்டர் வாஷ் எதற்கு!

மலைக்கோட்டைக்காரன்:
அண்ணன் கணக்கு சரி. இரண்டாவது, மூன்றாவது குழிகளில் தண்ணீர் நின்றது, நான்காவதில் ஈரம். மூன்றாவது காயிலின் ரப்பரில் நீளமாக ஒரு கீறல், அதை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு. எல்லாம் உலர்த்தி மாட்டியதும் முதலில் புகை கக்கி, பிறகு ஓடத் தொடங்கியது. ஐடிலிங்கில் மட்டும் இன்னும் லேசாக உதறுகிறது. காயில் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

பழைய ஸ்பானர்:
அந்த வெள்ளைக் கோடு பொறி தாவிய தடம். மூன்றாவது காயிலை முதலாவதோடு இடம் மாற்றிப் போட்டு, எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று காட்டும் ஸ்கேனர் வைத்துப் பாருங்கள். மிஸ்ஸிங் முதல் சிலிண்டருக்குப் போனால் கோளாறு அந்தக் காயிலில்தான். சில மாடல்களுக்கு ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும், பழையதைக் கையோடு கொண்டுபோய்க் கடையில் கேளுங்கள். மிஸ்ஸிங் மூன்றிலேயே நின்றால் பிளக்கைப் பாருங்கள், அந்தக் காயிலுக்குப் போகும் வயரையும் விரலால் தடவிப் பாருங்கள். எலி குடியிருந்த வண்டி அது.