கொடைக்கானல் மூஞ்சிக்கல் வீடு குழு: பஸ் பத்திரிகைக்கு ஆள் வேண்டும்

சனிக்கிழமை, இரவு 9:40

பிரெஸ்டன் அண்ணன்: எல்லோரும் முழித்திருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். இங்கே இங்கிலாந்தில் பஸ் ரசிகர்கள் சேர்ந்து நடத்துகிற எங்கள் சங்கத்தின் பத்திரிகை நிற்கப் போகிறது. ஆசிரியர் இருபத்திரண்டு வருஷமாக ஒற்றை ஆளாகப் பார்த்தவர், இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, அடுத்த இதழோடு விட்டுவிடுகிறேன் என்று எழுதிவிட்டார். அந்த இடத்துக்கு வருகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நாளைக்குப் பொதுக்கூட்டம். ஆள் கிடைக்காவிட்டால் பத்திரிகையை நிறுத்துவது, அப்புறம் சங்கத்தையே கலைப்பது, இரண்டும் ஓட்டுக்கு வருகிறது. மனசே சரியில்லை.

அம்மா: மாதா மாதம் உறையில் போட்டு ஒட்டுவீர்களே, அந்தப் பத்திரிகையா?

பிரெஸ்டன் அண்ணன்: அதேதான் அம்மா. நீங்கள் இங்கே வந்திருந்தபோது நீங்களும் எங்களோடு உட்கார்ந்து தபால்தலை ஒட்டினீர்கள்.

அம்மா: நான் ஒட்டிய ஒவ்வொரு உறையையும் ஒரு பெரியவர் திருப்பித் திருப்பி விலாசம் பார்த்தார். அவருக்கா கண் தெரியவில்லை? பாவம்.

தம்பி: அண்ணா, வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மாதம் ஒரு தடவை வருவதற்காக இப்போது யார் காத்திருக்கிறார்கள்? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் புது வண்டி காலை 7 மணிக்கு வந்தால் 7:05க்கு எங்கள் பஸ் குரூப்பில் படம் வந்துவிடும். எந்த டிப்போ, பாடி கரூரில் கட்டியதா வேறு ஊரா, எல்லாம் மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

பிரெஸ்டன் அண்ணன்: அதை நான் மறுக்கவே இல்லை. இங்கே இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2021 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் வண்டி எங்கே ஓடுகிறது என்ற தகவலைப் பஸ் கம்பெனிகள் பொதுவில் கொடுத்தே ஆக வேண்டும், சட்டம். எந்த வண்டி எந்த ரூட்டில் போகிறது என்று போர்வைக்குள் இருந்தே போனில் பார்க்கலாம். முன்னால் அதற்காகத்தான் மழையில் நோட்டும் கையுமாக நிற்பார்கள், எழுதியதைத் தபாலில் போடுவார்கள், செய்தி தொகுப்பவர் நாலு பேர் எழுதியதை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து அச்சுக்குக் கொடுப்பார். செய்திக்காகப் பத்திரிகை என்ற காலம் போய்விட்டது, சரி. ஆனால் போனில் தெரிகிற வரைபடம் இந்த நிமிஷத்தைத்தானே காட்டுகிறது? பக்கத்து மான்செஸ்டரில் 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் மூன்று கட்டமாகப் பஸ் முழுக்கப் பொது நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்குத் திரும்பி, வண்டிகள் மஞ்சள் நிறத்துக்கு மாறின. எந்த ரூட்டை எந்த டிப்போவிலிருந்து எந்த டிப்போவுக்கு மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று நாற்பது வருஷம் கழித்து ஒருவர் கேட்டால் எதைக் காட்டுவது?

அத்தை (வத்தலக்குண்டு): இந்தப் பழக்கம் அங்கே எப்போது தொடங்கியதப்பா?

பிரெஸ்டன் அண்ணன்: ஆம்னிபஸ் சொசைட்டி 1929இல், அத்தை. பி.எஸ்.வி. சர்க்கிள் என்ற இன்னொரு சங்கம் 1943இல், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே. சேஸிஸ் எண் என்ன, பாடி கட்டியது யார், எந்தத் தேதியில் ரோட்டுக்கு வந்தது, யார் கைக்குப் போனது, எப்போது உடைத்தார்கள் என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்கள். லண்டன் பஸ்ஸுக்கென்றே 1964இல் ஒரு சங்கம் வந்தது. இவை தவிர எங்களுடையது மாதிரி ஊருக்கு ஊர் சின்னச் சங்கங்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. 1986இல் லண்டனுக்கு வெளியே யார் வேண்டுமானாலும் எந்த ரூட்டிலும் பஸ் ஓட்டலாம் என்று திறந்துவிட்டார்கள், கம்பெனிகள் உடைந்தன, கைமாறின, பெயர் மாறின, அந்தக் கலவரத்தில் பழைய பதிவேடு எத்தனையோ தொலைந்தது. அந்த வருஷங்களைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் இன்றைக்கும் இந்தச் சங்கங்களின் பழைய இதழ்களைத்தான் புரட்டுகிறார்கள்.

சித்தப்பா: நம் ஊரிலும் அதே கதைதான். 1972இல் பஸ்களை அரசாங்கம் எடுத்து பாண்டியன் என்று பெயர் வைத்தது. பிற்பாடு திண்டுக்கல்லுக்குத் தனியாக ராணி மங்கம்மாள். 1997இல் எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டு தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயர். நான் அதே பை, அதே விசில், அதே மலை ரோடு, சம்பளச் சீட்டில் மட்டும் மூன்று பெயர் பார்த்துவிட்டேன்.

தம்பி: அப்பா இந்தப் படத்தைப் பாருங்கள். [படம்] 1999, கொடைக்கானல் பஸ் ஸ்டாண்ட் என்று போட்டு நேற்று எங்கள் குரூப்பில் ஓடியது. அறுநூறு லைக்.

சித்தப்பா: 1999 இல்லை. பக்கவாட்டில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார். ராணி மங்கம்மாள் என்று இருக்கிறது. பெயர் அழிக்கச் சில மாதம் ஆனது உண்மை, இரண்டு வருஷம் எந்த டிப்போவிலும் விட்டுவைக்கவில்லை. அப்புறம் இது கொடைக்கானலும் இல்லை. பின்னால் தெரிகிற டீக்கடையும் பழனி ரோடு பிரிகிற முக்கும் பெருமாள்மலை.

தம்பி: அறுநூறு பேரில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே!

பிரெஸ்டன் அண்ணன்: இதைத்தான் நான் சொல்ல வந்தேன். எங்கள் பெரியவர் இருபத்திரண்டு வருஷம் செய்தது இதுதான். அவருக்கு வருகிற படத்தில் தேதி, இடம், வண்டி எண் மூன்றும் இல்லாவிட்டால் அச்சேறாது. சந்தேகம் வந்தால் மூன்று பேருக்குக் கடிதம் போடுவார். போன இதழில் தப்பு வந்திருந்தால் அடுத்த இதழில் திருத்தம் வரும், அதுவும் அச்சிலேயே இருக்கும்.

நான்: அண்ணா, அப்படியானால் ஏன் ஒருவரும் வரவில்லை? பஸ் மேல் பைத்தியமாக இருக்கிற சின்னப் பசங்கள் அங்கே இல்லையா?

பிரெஸ்டன் அண்ணன்: நிறைய இருக்கிறார்கள், அதுதான் வேதனை. ஒவ்வொரு பஸ் கண்காட்சியிலும் கேமராவோடு நிற்கிறார்கள். ஆனால் சங்கத்தில் சேர்ந்தால் உடனே கமிட்டியில் உட்காரச் சொல்வோம் என்ற பயம். பயம் நியாயம்தான். பொருளாளர் என்றால் பேங்க் கையெழுத்து மாற்றவே மாசக்கணக்கு, உறுப்பினர் விலாசம் வைத்திருக்கிறோம் என்றால் அதற்கொரு சட்டம், பழைய பஸ்ஸில் ஊர்வலம் போனால் இன்ஷூரன்ஸ். ஆசிரியர் வேலையோ இன்னும் பெரிது, கட்டுரை கேட்டு வாங்குவது, பிழை பார்ப்பது, பக்கம் கட்டுவது, அச்சகத்துக்கு அலைவது எல்லாம் ஒரே தலையில். அச்சுக்கூலி ஒரு பக்கம், தபால் செலவு இன்னொரு பக்கம். கமிட்டியில் நான்தான் சின்னவன், எனக்கு வயது 46.

அம்மா: உனக்கு இந்த ஆசை வந்ததே இங்கே மதில் மேல் உட்கார்ந்து மலையேறும் பஸ்ஸைப் பார்த்துத்தான்.

பிரெஸ்டன் அண்ணன்: ஆமாம். முகப்பில் லேலண்ட் என்று எழுதியிருக்கும், அது ஒரு ஊர்ப் பெயர் என்றே அப்போது தெரியாது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது, இங்கிலாந்து லேலண்ட் கம்பெனியோடு சேர்ந்ததும் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. இப்போது அந்த லேலண்ட் ஊர் என் வீட்டிலிருந்து சில மைல்தான், அங்கே பழைய லாரி பஸ்ஸுக்கு ஒரு மியூசியமே இருக்கிறது. இங்கே பிரெஸ்டன் பஸ் ஸ்டாண்ட் 1969இல் கட்டியது, இடிக்க முடிவே செய்துவிட்டார்கள், ஊர்க்காரர்களும் கட்டடக்கலை ஆட்களும் விடாமல் போராடி 2013இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக்கினார்கள். கட்டடத்துக்கு அப்படி ஆள் வருகிறது. காகிதத்துக்கு வருவதில்லை. இரண்டு வருஷம் முன்னால் எங்கள் உறுப்பினர் ஒருவர் காலமானார், மனைவி முன்னமே இல்லை, வீட்டைக் காலி செய்ய வந்தவர்கள் அவருடைய ஸ்லைடு பெட்டிகளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். தகவல் தெரிந்து நாங்கள் ஓடியபோது மழை. மூன்று பெட்டிதான் மிஞ்சியது. அதில் ஒன்றில் ஸ்லைடு சட்டத்தின் ஓரத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. அருமையான படங்கள், எந்த ஊர், எந்த வருஷம் என்று சொல்ல ஆள் இல்லை.

அத்தை: இதைப் படித்ததும் கோட்டையூர் ரோஜா முத்தையா ஞாபகம் வந்துவிட்டார். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பழைய இதழ் என்று மற்றவர்கள் எடைக்குப் போடுவதையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992இல் இறந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இன்றைக்கு ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் அங்கேதான் போய் நிற்கிறார்கள். எங்கள் வத்தலக்குண்டையே எடுத்துக்கொள். மணிக்கொடி இதழை நடத்திய பி.எஸ். ராமையாவும் இந்த ஊர், ‘எழுத்து’ என்ற இலக்கிய இதழை நடத்திய சி.சு. செல்லப்பாவும் இந்த ஊர். செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்தினார், கட்டுக் கட்டாகச் சுமந்துபோய் ஊர் ஊராக விற்றார். பத்திரிகை நின்றது நின்றதுதான். ஆனால் யாரோ பைண்டு செய்து வைத்ததால்தான் நான் முப்பது வருஷம் வகுப்பில் அதைக் கையில் பிடித்துக் காட்ட முடிந்தது. அதனால் நீ நாளைக்குக் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது, பத்திரிகை ஓடுமா நிற்குமா என்பதில்லை. முதல் இதழிலிருந்து முழு வரிசை எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, அவருக்குப் பின் யார்?

பிரெஸ்டன் அண்ணன்: அச்சான இதழ் சட்டப்படி பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போகிறது அத்தை, அதில் கவலையில்லை. ட்ராய்ட்விச் என்ற ஊரில் பஸ் கம்பெனிகளின் காகிதங்களுக்கென்றே காப்பகமும் இருக்கிறது. அச்சாகாத நோட்டும் படமும்தான் ஆளோடு போகிறது.

தம்பி: அண்ணா, நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். போன வருஷம் என் போன் தண்ணீரில் விழுந்து, கிளாவரை மலைக்கிராம ரூட்டில் எடுத்த படம் அத்தனையும் போனது. குரூப்பில் போட்டதும் மேலே மேலே ஏறித் தேடவே முடியவில்லை. அந்த வண்டிகளில் இரண்டு இப்போது ஓடவில்லை.

சித்தப்பா: கிளாவரை வண்டி எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. நீ கேட்கவே இல்லையே.

தம்பி: எந்த நோட்டு அப்பா?

சித்தப்பா: வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எழுதினேன். மூஞ்சிக்கல் வீட்டுப் பரணில் பித்தளை அண்டாவுக்குள் இருக்கும், அண்ணிக்குத் தெரியும்.

ஞாயிறு, காலை 8:15

நான்: எடுத்துவிட்டேன். [படம்] [படம்] பதினோரு நோட்டு இருக்கிறது. நீளக் கணக்கு நோட்டு, முதுகில் சாக்குத் துணி வைத்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். மேல் நோட்டு இரண்டில் ஈரம் ஏறி நீல மை பரவியிருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக வாசிக்க முடிகிறது. ஒரு பக்கத்தில் இப்படி: “6.10 கிளாவரை. வண்டி மாற்றம். பூம்பாறையில் பிரேக் சூடு, 20 நிமிடம். மன்னவனூர் மூடுபனி, கிளீனர் முன்னால் நடந்தார். பூ.மூ. 14.” இன்னொரு பக்கத்தில் டம்டம் பாறைக்கு மேலே மண் சரிந்து ராத்திரி முழுக்க நின்றது, குழந்தைக்குப் பால் வாங்க டிரைவர் காட்டு வழியில் இறங்கிப் போனது எல்லாம் இருக்கிறது. நடுவில் மெல்லிய டிக்கெட் ஒன்று ஒட்டியிருக்கிறது, ராணி மங்கம்மாள் என்று அச்சு.

அம்மா: மழைக்கு முன்னால் பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். என் பீரோவில் மேல்தட்டு காலி.

பிரெஸ்டன் அண்ணன்: சித்தப்பா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. இங்கே நூறு வருஷம் ஆகப் போகிற சங்கங்கள் சேர்த்து வைத்திருப்பது இதைத்தான். மூடுபனியில் ஒருவர் வண்டிக்கு முன்னால் நடந்தார் என்பதை எந்தச் செயலி சொல்லும்? யாரும் நோட்டுகளைத் தபாலில் அனுப்ப வேண்டாம், ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள்.

நான்: எங்கள் கடையில் ஸ்கேனர் சும்மாதான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துவிடுவேன். தட்டச்சும் நானே செய்கிறேன். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து சுருக்கெழுத்தை மட்டும் விளக்கினால் போதும். வருஷத்துக்கு ஒன்று, பதினாறு பக்கம், தனிச்சுற்றுக்கு மட்டும் என்று போட்டு நம் மலைப் பஸ்களுக்கு ஓர் இதழ் கொண்டுவரலாம். பிடிஎஃப் எல்லோருக்கும், காகிதத்தில் முப்பது பிரதி.

தம்பி: படத்துக்குத் தேதி, இடம், எண் சரிபார்க்கிற வேலை என்னுடையது. சந்தேகம் வந்தால் அப்பாவிடம் கேட்காமல் போட மாட்டேன்.

அத்தை: பிழை நான் பார்க்கிறேன். ஒரு பிரதி ரோஜா முத்தையா நூலகத்துக்கு, இரண்டு பைண்டுக்கு. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

ஞாயிறு, இரவு 10:50

பிரெஸ்டன் அண்ணன்: கூட்டம் முடிந்தது. பதினேழு பேர் வந்திருந்தோம். மாத இதழ் இனி இல்லை. வருஷத்துக்கு நாலு, பாதிப் பேருக்கு மேல் பிடிஎஃப் போதும் என்று கை தூக்கினார்கள். ஆசிரியர் வேலையை மூன்றாகப் பிரித்தோம், கட்டுரை வாங்குவது நான், ஒரு வருஷத்துக்கு மட்டும். பக்கம் கட்டுவதற்குப் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஒத்துக்கொண்டான், கமிட்டிக்கு வரச் சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகு. திருத்தம் மட்டும் பெரியவரே பார்க்கிறார், எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பினால் போதுமாம். சங்கத்தைக் கலைக்கும் தீர்மானத்தை ஓட்டுக்கு விடவில்லை. சித்தப்பா, என் முதல் இதழில் கிளாவரை லேலண்ட் வண்டி பற்றி உங்கள் பக்கம் ஒன்று வருகிறது, பெரியவர் உடனே ஒரு கேள்வி அனுப்பிவிட்டார். பூ.மூ. 14 என்றால் என்ன?

சித்தப்பா: பூண்டு மூட்டை பதினாலு. எல்லாவற்றுக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்கிறேன், அதையும் சேர்த்து எழுதச் சொல்.