பன்றி வேட்டைக்கு வில்: 45 பவுண்டா, 55 பவுண்டா? (அவசரம்)

யீஷூன்_மணி: வணக்கம். ஜூன் லீவுல மச்சான்கூட குவீன்ஸ்லாந்து போறேன், பன்றி வேட்டைக்கு. வில் வாங்கணும். இழுக்குற எடை 45 பவுண்டு எடுக்கவா 55 எடுக்கவா? இந்த வாரமே ஆர்டர் போடணும், சீக்கிரம் சொல்லுங்க.

நாண்காரன்: ரிக்கர்வா (நுனி முன்பக்கம் வளைஞ்ச வில்) காம்பவுண்டா (கப்பி வச்ச வில்)? டிரா லெங்த், அதாவது நாணை இழுக்குற தூரம், எவ்வளவு? இப்ப எத்தனை பவுண்டு இழுக்குறீங்க?

கேம்_வில்: காம்பவுண்டே எடுங்க. 80 விழுக்காடு லெட்-ஆஃப்னா (முழுசா இழுத்ததும் குறையுற எடை) 55 பவுண்டு வில்லைப் பிடிச்சு நிக்கும்போது கையில 11 பவுண்டுதான். பன்றி பக்கவாட்டுல திரும்புற வரைக்கும் காத்திருக்கலாம்.

மூத்தவில்லாளி: மாசத்துக்கு ஒரு தடவை இதே கேள்வி. டிரா லெங்த் சொல்லாம பவுண்டு கேக்குறது கால் அளவு சொல்லாம சப்பாத்து கேக்குற மாதிரி. தம்பி, மன்றத்துல இருக்குற பழைய விவாதங்களைப் படிச்சிட்டு வாங்க.

யீஷூன்_மணி: ரிக்கர்வ்தான். கைவிரிப்பு 165 செ.மீ. கிளப்ல 30 பவுண்டு லிம்ப் (வில்லோட வளையுற கை).

நாண்காரன்: 165 செ.மீ. என்றால் 65 அங்குலம். 2.5ஆல வகுத்தா டிரா லெங்த் ஏறக்குறைய 26 அங்குலம். லிம்ப்ல அச்சடிச்ச எடை 28 அங்குலத்துக்கு. குறையுற ஒவ்வொரு அங்குலத்துக்கும் 2 முதல் 2.5 பவுண்டு கழிங்க. ஆக 45 உங்க கையில 40, 55 உங்க கையில 50. இப்ப நீங்க இழுக்குறதே 26 பவுண்டு பக்கம்தான். அங்கிருந்து ஒரே தாவா 50க்குப் போனா தோள் போயிடும். நாலு நாலு பவுண்டா ஏறுங்க.

நிஜமா எத்தனை பவுண்டு இழுக்குறீங்கன்னு பாக்க லக்கேஜ் தராசு இருக்குல்ல? அதோட கொக்கியை நாண்ல அம்பு மாட்டுற இடத்துல போட்டு, உங்க டிரா லெங்த் வரைக்கும் இழுத்துப் பாருங்க. மெதுவா திரும்ப விடணும். அம்பில்லாம நாணை விட்டா லிம்ப் பிளந்திடும்.

அடுத்தது, நாற்காலியில உக்காந்து வில்லை நேரா நீட்டி இழுங்க. மேல தூக்கித்தான் இழுக்க முடியுதுன்னா எடை அதிகம். ஜூன்ல அங்க விடியற்காலை குளிரும், ஜாக்கெட் வேற. இங்க இழுக்குற எடை அங்க இன்னும் கனமா தெரியும்.

மூத்தவில்லாளி: ரைசர் (லிம்ப் மாட்டுற நடுப்பிடி) நீளம் யாருமே கேக்கல. லிம்ப் எடை 25 அங்குல ரைசருக்குப் போட்டது. 19 அங்குல வேட்டை ரைசர்ல மாட்டினா அஞ்சாறு பவுண்டு கூடும்.

கேம்_வில்: 40 பவுண்டு ரிக்கர்வ்ல 400 கிரெய்ன் (அம்பு எடைக்கான அலகு) அம்பு நொடிக்கு 155 அடி போகும். கணக்குப் போட்டா ஆற்றல் 21 அடி-பவுண்டு. 50 பவுண்டு காம்பவுண்ட்ல அதே அம்பு 220 அடி, 43 வரும். கிழட்டு ஆண் பன்றிக்குத் தோள்மேல கேடயம் மாதிரி கெட்டித் தோல் இருக்கு. 21 போதாது.

நாண்காரன்: ஆற்றல் கணக்கு மட்டும் பாத்தா தப்பாகும். கனமான அம்பு உள்ள போனதும் சீக்கிரம் வேகம் இழக்காது. ரெண்டு அலகு பிராட்ஹெட்டை (வேட்டை அம்பு முனை) முடி மழிக்கிற கூர்ல வச்சு, 15 மீட்டருக்குள்ள, பன்றி பின்பக்கம் காட்டிச் சாய்ஞ்சு நிக்கும்போது விட்டா கேடயத்துக்குப் பின்னால நுழையும்.

கேம்_வில்: புதுசா பழகுறவருக்கு அந்தக் கோணம் எப்ப கிடைக்கும்? காயத்தோட ஓடுற பன்றியை யார் தேடுறது?

நாண்காரன்: கோணம் கிடைக்கலைன்னா அம்பு விடக்கூடாது. எந்த வில்லா இருந்தாலும் அதான்.

யீஷூன்_மணி: தராசுல 26 பவுண்டு காட்டுச்சு. 25 அங்குல ரைசர், 36 பவுண்டு லிம்ப் ஆர்டர் போட்டாச்சு. இந்த ஜூன் மச்சான் சுடட்டும், நான் கூடப் போறேன். 45 லிம்ப் அடுத்த வருஷம். நன்றி.

மூத்தவில்லாளி: சரியான முடிவு. இழுக்குற ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 கிரெய்னுக்குக் குறைஞ்ச அம்பு வாங்காதீங்க.