வீட்டிலிருந்தே ஆன்லைனில் எல்.எல்.பி. படிக்கலாமா? பணம் கட்டச் சொல்லி நெருக்குறாங்க

நண்டுக்கணக்கு (தங்கச்சிமடம்):

எல்லாருக்கும் வணக்கம். கரையில ஒரு நண்டு கம்பெனிக்குக் கணக்கு எழுதுறேன். வள்ளம் வர்ற நேரத்துல உட்கார்ந்தா, சைஸ் பிரிச்சு எடை போட்டு, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் கழிச்சோம்னு நோட்டுல ஏத்தி முடிக்க மதியமாயிடும். வயசு 36. பிளஸ் டூ முடிச்சுட்டு பி.காம். தபால்ல படிச்சவ.

கணக்கு மட்டும் இல்ல, ஊர்ல மனு எழுதணும்னாலும் என்கிட்டதான் வருவாங்க. படகு பிடிபட்டாலும், கடலுக்குப் போற அனுமதி டோக்கனை நிறுத்தி வச்சாலும், நிவாரணம் வரலன்னாலும் மீன்துறை ஏ.டி. (உதவி இயக்குநர்) ஆபீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் நான் எழுதுறதுதான் போகும். "வக்கீலம்மா"ன்னு கிண்டலா கூப்பிடுவாங்க.

இப்ப ஒரு பெரியம்மா வந்திருக்காங்க. மகன் நாட்டுப்படகுல போனவன் திரும்பல, உடலும் ஒதுங்கல. இறப்புச் சான்றிதழ் இல்லாம எதுவும் நகராதாம். ஏழு வருஷம் பொறுக்கணும்னு ஒரு ஆபீஸ்ல சொல்லி அனுப்பிட்டாங்க. அது நெஜமா, இல்ல கழிச்சு விட்ட பேச்சான்னு எனக்குச் சொல்லத் தெரியல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், சட்டம் படிக்கணும்னு.

போன்ல தேடினதுதான் தாமதம், ஒரு ஏஜென்ட் விடாம கூப்பிடுறான். வேற மாநிலத்து யுனிவர்சிட்டியாம். வாரக் கடைசியில மட்டும் வகுப்பு, பரீட்சையும் வீட்ல இருந்தே, மூணு வருஷத்துல பட்டம். 85,000 ரூபா, ரெண்டு தவணை. வாட்ஸப்ல அனுப்பின நோட்டீஸ்ல "யு.ஜி.சி. அங்கீகாரம்"னு முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல இருக்கு. கடைசிப் பக்கத்துல அடியில, பெருசு பண்ணிப் பார்த்தாதான் தெரியுது, "கல்வி நோக்கத்துக்கு மட்டும்"னு. இதுக்கு என்ன அர்த்தம்? வீட்ல அவுக "கட்டிப் பாரு"ங்கிறாக. எனக்குத்தான் கை வரல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய வி.ஏ.ஓ.:

அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்தியே, அதுவே பாதி வக்கீல் வேலைதான் தாயி. அதுக்கு அர்த்தம், பட்டத்தைச் சுவத்துல மாட்டிக்கலாம், கோர்ட்ல கவுன் போட முடியாதுங்கிறது.

எங்க காலத்துல பி.ஜி.எல்.னு ஒரு பொதுச் சட்டப் பட்டம் தபால்ல இருந்துச்சு. வருவாய்த்துறையிலயும் போலீஸ்லயும் நிறைய பேர் படிச்சோம், நானும் படிச்சேன். பட்டா, வாரிசு, பாகப்பிரிவினைன்னு யாராவது சட்டம் பேசுனா பதில் சொல்ல உதவுச்சு. வக்கீலாப் பதிய முடியாதுன்னு தெரிஞ்சேதான் படிச்சோம், யாரும் எங்களை ஏமாத்தல. இன்னைக்கு அதையே எல்.எல்.பி.ன்னு பேரு வச்சு விக்கிறானுங்க.

பாலத்துக்கு இந்தப்பக்கம் (வழக்கறிஞர், ராமநாதபுரம்):

தங்கச்சி, பணம் கட்டாதீங்க. ஏன்னு சொல்றேன்.

இந்தியாவுல வக்கீலாப் பதியணும்னா 1961ம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டப்படி, வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்துற பார் கவுன்சில் ஒத்துக்கிட்ட பட்டம் வேணும். பார் கவுன்சிலோட 2008 சட்டக் கல்வி விதிகள் நேர்ல போய்ப் படிக்கிற ரெகுலர் படிப்பைத்தான் ஏத்துக்குது. வகுப்பு காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நடுவுல நடக்கணும், வருகை 70 சதவீதம் இருக்கணும். யு.ஜி.சி.யும் 2020 விதியிலயே தொலைதூரத்துலயும் ஆன்லைன்லயும் சட்டப் பட்டம் நடத்தக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. அப்ப நோட்டீஸ்ல போட்டிருக்கிற அங்கீகாரம் அந்தப் பல்கலைக்கு இருக்கலாம், இந்தப் படிப்புக்கு இருக்க வழியில்ல. ஏஜென்ட்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "இதை வச்சு தமிழ்நாடு பார் கவுன்சில்ல பதிய முடியும்னு யுனிவர்சிட்டி லெட்டர் பேடுல எழுதித் தருவீங்களா?" அதுக்கப்புறம் போன் வராது.

உங்க பி.காம். தபால்ல படிச்சது தடையே இல்ல. பத்து, பிளஸ் டூ முறையா முடிச்சுட்டு அதுக்கு மேல வாங்கின பட்டம்தானே. மார்க் பொதுவா 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.ன்னா 40 இருந்தா மூணு வருஷ எல்.எல்.பி.க்குப் போடலாம். ராமநாதபுரத்துலயே 2017ல இருந்து அரசு சட்டக் கல்லூரி இருக்கு. பக்கத்துல இருக்கிறதை விட்டுட்டு எங்கேயோ இருக்கிறவனுக்கு ஏன் 85,000?

இப்ப அந்தப் பெரியம்மா விஷயம். ஏழு வருஷம்னு சொன்னது பொய் இல்ல, ஆனா முழுசும் இல்ல. ஏழு வருஷமா ஒருத்தரைப் பத்தித் தகவலே இல்லன்னா இறந்ததா அனுமானிக்கலாம்னு பழைய சாட்சியச் சட்டம் 108வது பிரிவு சொல்லுச்சு. 2024 ஜூலைல இருந்து பாரதிய சாக்ஷிய அதிநியத்துல அது 111வது பிரிவு. வேற சாட்சியம் இல்லாதப்ப உதவுற அனுமானம்தான் அது. அதுக்கு முன்னாடி நிரூபிக்கக் கூடாதுன்னு எங்கேயும் இல்ல. கூடப் போனவங்க வாக்குமூலம், மரைன் போலீஸ்ல கொடுத்த புகார், தேடினதுக்கான பதிவு, அன்னைக்குக் காத்து எப்படி அடிச்சதுங்கிற விவரம், இதெல்லாம் சேர்த்து சிவில் கோர்ட்ல இறந்ததா அறிவிக்கக் கேட்கலாம். கஷ்டம்தான், ஆனா வழி இருக்கு. கையில காசில்லன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிட்டுப் போங்க. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

இன்னொண்ணு, மனசுல வச்சுக்கோங்க. நம்ம படகு பிடிபட்டு இலங்கையில மன்னார்லயும் ஊர்க்காவற்துறையிலயும் நடக்கிற கேஸுக்கு நீங்க வக்கீலானாலும் போய் நிக்க முடியாது, அந்த நாட்டு வக்கீல்தான் நிக்கணும். உங்க களம் இந்தப் பக்கம்: ஐகோர்ட் மதுரைக் கிளையில அரசாங்கத்துக்கு எதிரா போடுற ரிட் மனு, 1983 கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்துல போடுற அபராதம், இன்சூரன்ஸ், வாரிசு. அதுவே ஒரு ஆயுசுக்குப் போதும்.

தொண்டிக்காரன்:

அக்கா, நான் அந்த ராமநாதபுரம் சட்டக் கல்லூரியிலதான் மூணு வருஷக் கோர்ஸ் படிக்கிறேன். வயசைப் பத்திக் கவலைப்படாதீங்க, என் வகுப்புல ரிடையர்டு ஆனவங்களே இருக்காங்க. நுழைவுத் தேர்வு கிடையாது. சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைதான் டிகிரி மார்க்கை வச்சு ரேங்க் போட்டு கவுன்சிலிங் நடத்தும். பீஸ் அந்த ஏஜென்ட் சொன்னதுல சின்னப் பங்குகூட வராது. படிச்சு முடிச்சு பதியறப்பவும் 750 ரூபாய்க்கு மேல வாங்கக்கூடாதுன்னு 2024ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதோட அகில இந்திய பார் தேர்வு ஒண்ணு எழுதணும்.

கஷ்டம் எதுலன்னா பஸ்ல. லீவு நாள்ல பாம்பன் பாலத்து மேல டூரிஸ்ட் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறவங்களாலேயே முதல் பீரியடு போயிடும். ரயிலைப் பார்த்து வச்சுக்கோங்க.

நண்டுக்கணக்கு:

எல்லாருக்கும் நன்றி. ஏஜென்ட்கிட்ட அண்ணன் சொன்ன மாதிரியே கேட்டேன். "மேடம், நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க"ன்னான். பிளாக் பண்ணிட்டேன்.

பெரியம்மாவை ஆணைக்குழுவுக்குக் கூட்டிட்டுப் போறேன், கூடப் போன ரெண்டு பேரும் வாக்குமூலம் தர்றேன்னுட்டாங்க. படிப்புதான் இடிக்குது. வகுப்புக்குப் போனா காலைக் கணக்கு போயிடும், முதலாளி மதியத்துக்கு மேல ஐஸ் கணக்கு மட்டும் தர்றேங்கிறார், சம்பளம் பாதி. புள்ளை பத்தாவது படிக்கிறா. ஆனாலும் இந்த வருஷமே போடலாம்னு இருக்கேன். வேலையில இருந்துக்கிட்டே பின்னாடி வக்கீலாப் பதியலாமா அண்ணே?

பாலத்துக்கு இந்தப்பக்கம்:

படிக்கிற வரைக்கும் வேலை உங்க இஷ்டம், வருகை குறையாமப் பார்த்துக்கோங்க. பதிஞ்சப்புறம் முழுநேரச் சம்பள வேலையில இருக்கக்கூடாது, அது பார் கவுன்சில் விதி. அதுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு.

பி.காம். பட்டச் சான்றிதழ் கையில இருக்கா, இல்ல புரொவிஷனல் மட்டும்தானா? வாங்கலன்னா இன்னைக்கே அப்ளை பண்ணுங்க. தபால் வழிப் பட்டம்னா அது வந்து சேரவே மாசக்கணக்காகும்.