‘ஸ்டேயிங் அலைவ்’ பாட்டுக்கே லூப்தான், நாங்கள் போட்டால் குற்றமா?

பாலக்கோடு கீபோர்டு:
பீ ஜீஸ் அண்ணன் தம்பிகள் மூவரும் பாடிய ‘ஸ்டேயிங் அலைவ்’ 1977 டிசம்பரில் வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடம். அதில் டிரம்ஸ் லூப்தான், அதாவது பதிவு செய்த ஒரு சின்னத் துண்டு அடியே திரும்பத் திரும்ப ஓடும். நம்ம ஊர் ஆர்க்கெஸ்ட்ராவில் பதிவு செய்த தாளத்தை ஓடவிடும் ரிதம் பேட் வைத்தால் மட்டும் "வாசிக்க ஆள் இல்லையா" என்கிறார்கள். அவ்வளவு பெரிய பாட்டுக்கு ஆகும் என்றால் நமக்கு ஆகாதா?

காவேரிப்பட்டினம் பம்பை:
தம்பி, பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள். பிரான்சில் ஒலிப்பதிவு நடந்தபோது டிரம்மர் டென்னிஸ் பிரையன் வீட்டில் சாவு. அவர் ஊருக்குப் போய்விட்டார். முதலில் டிரம் மெஷினைத்தான் வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அப்புறம் ‘நைட் ஃபீவர்’ பாட்டில் அதே டென்னிஸ் வாசித்திருந்ததில் இரண்டு பார், அதாவது இரண்டு தாளச் சுற்று எடுத்து, டேப்பை நுனியோடு நுனி ஒட்டி, மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டார்கள். அது மனிதன் வாசித்த அடி. உங்கள் பேடில் இருப்பது யார் வாசித்தது? எங்கள் ஊர் மயானக் கொள்ளையில் சாமி வந்தவர் காலைப் பார்த்துத்தான் பம்பை வேகம் எடுக்கும். பேடு யாரைப் பார்க்கும்?

ஓசூர் பேஸ் கிட்டார்:
சாமி அழைப்பது வேறு, டிஸ்கோ வேறுண்ணா. டிஸ்கோவில் ஆடுகிறவர்தான் தாளத்தோடு போக வேண்டும். ஆள் வாசித்திருந்தால் கோரஸ் வரும்போது வேகம் கூடி கொஞ்சம் ஓடியிருப்பார், நாங்கள் எல்லாருமே ஓடுவோம். லூப் ஓடாது. அது அசையாமல் நிற்பதால்தான் மேலே பேஸும் கிட்டாரும் இழுத்து விளையாடுகின்றன, மூவரில் மூத்தவர் பாரியின் கீச்சுக் குரல் அவ்வளவு துணிந்து ஏறுகிறது. அதே லூப்பை ‘மோர் தேன் எ வுமன்’ பாட்டிலும் வைத்தார்கள். வேறு வழியில்லை என்று மட்டும் செய்திருந்தால் மறுபடி எதற்கு எடுக்க வேண்டும்?

தர்மபுரி நர்ஸ்:
நான் லூப் பக்கம். பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 103 அடி. இதயம் நின்றவருக்கு நெஞ்சை 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். அதனால்தான் பயிற்சியில் இந்தப் பாட்டை மனதுக்குள் ஓட்டச் சொல்கிறார்கள். அங்கே வேகம் மாறவே கூடாது.

காவேரிப்பட்டினம் பம்பை:
சரிம்மா, அது உயிர் காக்கிற வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டென்னிஸ் திரும்பி வந்ததும் என்ன செய்தார்கள்? டாம் டிரம், சிம்பல் எல்லாம் அவரையே மேலே வாசிக்க வைத்தார்கள். "டேப் இருக்கிறது, நீ தேவையில்லை" என்று அனுப்பவில்லை. பாலக்கோட்டுத் தம்பி, உங்கள் குழுவில் டிரம்மர் உண்டா இல்லையா?

பாலக்கோடு கீபோர்டு:
இருந்தார்ண்ணா. கல்யாண வீட்டில் கொடுக்கிற காசை ஐந்தாகப் பிரித்தால் வண்டி வாடகைக்கே போய்விடுகிறது. அதனால் நிறுத்தினோம். நன்றாக வாசிப்பார்.

ஓசூர் பேஸ் கிட்டார்:
அப்படியென்றால் லூப்பை அடியில் ஓடவிட்டு அவரை மேலே வாசிக்க விடுங்கள், பீ ஜீஸ் செய்தது போல. முழு செட்டு வேண்டாம், இரண்டு டாம், ஒரு சிம்பல் போதும். தனி வண்டி தேவைப்படாது.

காவேரிப்பட்டினம் பம்பை:
அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். முதலில் அவருக்கு ஃபோன் போடுங்கள் தம்பி.