மறுமொழி: துன்பியல் தலைவியா, சோக நாயகியா?

கிரேக்கத் துன்பியல் நாடகங்களின் 'tragic heroine' என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இழைக்கு என் பதில் இது.

> 'சோக நாயகி' எல்லோருக்கும் புரியும். அதையே வைத்துக்கொள்ளலாமே?

புரியும் ஐயா, தகராறே அதுதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் பழைய சினிமாவில் தலையணையை நனைக்கும் பெண்தான் கண்ணுக்கு வருகிறாள். சோபோக்ளீஸ் நாடகத்தின் நாயகி அந்திகோனி அப்படியா? அரசன் கிரியோனின் தடையை மீறி உடன்பிறந்தவன் பிணத்துக்கு மண் தூவுகிறாள். பிடிபட்டதும் 'நான்தான் செய்தேன்' என்கிறாள். கி.மு. 431இல் இன்னொரு கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் மேடையேற்றிய மீடியாவோ, பெற்ற பிள்ளைகளைக் கொன்றுவிட்டுச் சூரியன் கொடுத்த தேரில் ஏறி உயிரோடு போய்விடுகிறாள். கடைசியில் புலம்பிக்கொண்டு நிற்பவன் அவளைக் கைவிட்ட கணவன் ஜேசன்.

ஆகவே 'துன்பியல் தலைவி'. துன்பியல் என்பது நாடக வகையின் பெயர், அவள் மனநிலையின் பெயர் அல்ல. 'தலைவி' என்றால் அகப்பாட்டின் பெயர் சுட்டாத காதலி நினைவுக்கு வருவாள் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். நியாயம்தான். ஆனால் கண்ணகியைக் காப்பியத் தலைவி என்கிறோம், யாரும் குழம்பவில்லையே.

'தொல்படிமம்' (archetype, கதைகளில் திரும்பத் திரும்ப வரும் மூல வடிவம்) என்ற சொல் பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாரையும் ஒரே படிமத்தில் அடைக்க முடியாது. ஔலிஸ் துறையில் ட்ராய் போருக்குக் கப்பல்கள் கிளம்புவதற்காகத் தகப்பன் அகமெம்னோனே பலி கொடுக்கும் இபிஜீனியா, அக்கிலீஸின் கல்லறையில் பலியாகும் பொலிக்சேனா, இவர்களுக்குத் தனிச்சொல் வேண்டும். 'பலிமகள்' எப்படி? யூரிப்பிடீஸின் இபிஜீனியா முதலில் உயிருக்குக் கெஞ்சுகிறாள், பிறகு தானே சாவுக்குச் சம்மதிக்கிறாள். கெஞ்சியவளும் பிந்தையவளும் ஒரே பெண்ணாகத் தெரியவில்லை என்று அரிஸ்டாட்டில் குறை சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. படையே சூழ்ந்து நிற்கிறது, தப்ப வழியில்லை; மிச்சமிருக்கும் ஒரே உரிமையை அவள் எடுத்துக்கொள்கிறாள். அந்தச் சம்மதம் இல்லாவிட்டால் அவள் வெறும் பலியாடு. எனவே விளக்கத்தில் 'பலியை ஏற்பவள்' என்பதும் வர வேண்டும்.

> ஹமார்தியா: குணக்குறை

வேண்டாம். ஹமார்தியா என்பது துன்பியல் நாயகரை வீழ்ச்சிக்குத் தள்ளுவதற்கு அரிஸ்டாட்டில் வைத்த பெயர். அந்தக் கிரேக்கச் சொல்லின் வேர் எறிந்த ஈட்டி குறி தவறுவது. 'யானை பிழைத்த வேல்' (யானையைக் குறி தவறிய வேல்) என்று குறளில் (772) வருவதும் அதுவேதான். 'பிழை' போதும். குணக்குறை என்று போட்டால் மாணவர்கள் ஒவ்வொரு பாத்திரத்திடமும் ஒரு கெட்ட குணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். 'அந்திகோனி'யில் குறி தவறியது அவளா, கிரியோனா என்பதற்குத் தனி இழை தொடங்கலாம்.

-----

(இன்னொருவரின் பதில்) 'பிழை' சரி. 'பலிமகள்' எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் சொல்லைப் பெண்ணோடு நிறுத்த முடியாது. அதே யூரிப்பிடீஸின் 'பினீசியப் பெண்க'ளில் தீப்ஸ் நகரைக் காக்கத் தன்னையே பலி கொடுப்பவன் மெனோசியஸ், கிரியோனின் மகன். தகப்பன் தப்பி ஓடச் சொல்லியும் கேட்கவில்லை. 'பலிமகன்' என்றும் சேர்த்துவிட்டால் நம் அரவானுக்கும் அங்கே இடம் கிடைக்கும்.