புதுசா ரொறன்ரோ வந்தவைக்கு: சாப்பாட்டு மேசையில புளூ ஜேய்ஸ் கதை வந்தால்

கேள்வி: வந்து மூண்டு மாசம். ஸ்காபரோவில ஒரு வெயார்ஹவுசில வேலை. சாப்பாட்டு நேரத்தில எல்லாரும் பேஸ்போல்தான் கதைக்கினம், நான் போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். வயசான ஆக்கள் அடிக்கடி "தொண்ணூற்றிரண்டு" எண்டு சொல்லிச் சிரிக்கினம். அது என்ன? கிறிக்கெட் மட்டும் தெரிஞ்ச ஆள் எங்கயிருந்து தொடங்கிறது?

பதில்: தம்பி, விதிகளிலயிருந்து தொடங்காதேங்கோ, நித்திரை வந்திடும். 1992 ஒக்டோபரிலயிருந்து தொடங்குங்கோ, ரொறன்ரோ பேஸ்போல் அணி புளூ ஜேய்ஸ் சம்பியனான மாசம். அவையள் சொல்லிற "தொண்ணூற்றிரண்டு" அதுதான்.

நான் 1991இல வந்தனான். டவுன்ரவுனில ஒரு ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவிற வேலை. குசினியில ஒரு ரேடியோ, அதுக்கு முன்னால ஒரு சமையல்காரன். சட்டி காணாட்டித்தான் என்னைப் பாப்பான், மற்றும்படி நான் அங்க இருக்கிறதே அவனுக்குத் தெரியாது. அந்த ஒரு சீசன்தான் அவனை என்னோட கதைக்க வைச்சது.

ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். அந்த வருசம் புளூ ஜேய்ஸ் 96 வெண்டு 66 தோத்தது. எங்கட ஆக்களுக்குப் பிடிபடாத இடம் இதுதான்: 66 தரம் தோத்த அணிதான் சம்பியன். அதால யூன் மாசத்தில ஒரு ஆட்டம் தோத்ததுக்குச் சாப்பாட்டு மேசையில செத்தவீட்டு முகத்தோட இருக்காதேங்கோ. நாளைக்கும் ஆட்டம் இருக்கு. ஒக்டோபர் வேற, அப்பதான் கிண்ணத்துக்கான ஆட்டங்கள்.

அந்த ஒக்டோபரில முதல் எதிரி ஓக்லண்ட். நாலாவது ஆட்டத்தில அவையள் 6-1 எண்டு முன்னுக்கு நிண்டவை. எட்டாவது இன்னிங்ஸில அவையளுக்குப் பந்து எறிய வந்தவர் டெனிஸ் எக்கர்ஸ்லி, ஆட்டத்தை முடிச்சுவைக்கிறதில அந்த நேரம் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த இன்னிங்ஸில 6-4 ஆகி, ஒன்பதாவதில எங்கட ரொபேர்ட்டோ அலோமார் அவரின்ர பந்தைத் தூக்கி வெளிய போட்டு 6-6 ஆக்கினார். ஒன்பது இன்னிங்ஸில சமனெண்டால் ஆட்டம் நீளும்; 11ஆவது இன்னிங்ஸில 7-6 வெற்றி. சமையல்காரன் அகப்பையால மேசையில அடிச்சது இப்பவும் காதில நிக்குது.

பிறகு அட்லாண்டா பிறேவ்ஸோட உலகத் தொடர், அதுதான் கிண்ணத்துக்கான கடைசிச் சுற்று. அட்லாண்டாவில ரெண்டாவது ஆட்டத்துக்கு முதல் அமெரிக்க மரீன் படையினர் கனடாக் கொடியைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு வந்திட்டினம். இதைப்பற்றி ஆரும் கதைச்சால் சும்மா தலையை ஆட்டி "தலைகீழா!" எண்டு மட்டும் சொல்லுங்கோ, போதும், உங்களுக்கும் ஒரு கதிரை இழுத்துப் போடுவினம். ஒக்டோபர் 20 அன்று ரொறன்ரோவில நடந்த மூண்டாவது ஆட்டம்தான் அமெரிக்காவுக்கு வெளிய நடந்த முதலாவது உலகத் தொடர் ஆட்டம்.

ஆறாவது ஆட்டம் 24ஆம் திகதி இரவு, அட்லாண்டாவில. இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் கிண்ணம் எண்ட நிலையில பிறேவ்ஸின்ர ஓட்டிஸ் நிக்சன் அடிச்சுச் சமப்படுத்தினார். 11ஆவதில எங்கட டேவ் வின்ஃபீல்ட் இடதுபக்க எல்லைக்கோட்டோரம் ஒரு அடி, ரெண்டு ஓட்டம். பிறகு பிறேவ்ஸும் ஒண்டு எடுத்து 4-3. மூண்டாம் பேஸில, ஓட்டம் எடுக்க ஒரு கட்டம் மிச்சமா, ஒரு பிறேவ்ஸ் ஆள், திரும்பவும் அதே நிக்சன். வேகமா ஓடுற ஆள், பந்தை மெல்லத் தட்டிப்போட்டு ஓடுவான் எண்டு முதலாம் பேஸில நிண்ட எங்கட ஜோ கார்ட்டர் முன்கூட்டியே சொல்லி வைச்சவர். அப்பிடியே தட்டினார். பந்து எறிஞ்ச மைக் டிம்லின் பொறுக்கிக் கார்ட்டருக்கு எறிஞ்சார். முடிஞ்சுது. நடுச்சாமம் தாண்டியிட்டுது. சமையல்காரன் என்ர ஈர ஏப்ரனோட என்னைக் கட்டிப்பிடிச்சான். யங் வீதியில கால் வைக்க இடமில்லை, பஸ் எடுக்க விடியுமட்டும் நடந்தனான்.

வின்ஃபீல்டைப்பற்றி ஒரு கிளைக்கதை. 1983இல அவர் நியூயோர்க் யாங்கீஸ் அணியில இருந்தவர். ரொறன்ரோவில ஆட்ட இடைவேளையில எறிஞ்ச பந்து ஒரு கடற்புறாவில பட்டுச் செத்துப்போச்சுது. பொலிஸ் அவரைப் பிடிச்சு மிருகவதை வழக்குப் போட்டது, பிறகு விட்டிட்டினம். ஒன்பது வருசம் கழிச்சு அதே மனிசன், 41 வயசில, இந்த ஊருக்குக் கிண்ணம் எடுத்துக் குடுத்தார். அந்த வருசம் அவர் ரொறன்ரோ ரசிகர் சத்தமே போடீனமில்லை எண்டு குறைப்பட, ஆக்கள் "வின்ஃபீல்டுக்குச் சத்தம் வேணும்" எண்டு மட்டையில எழுதிப் பிடிச்சவை.

இன்னொண்டு. அலோமார் புவேர்ட்டோ ரிக்கோ, டெவன் வைட் ஜமேக்காவில பிறந்தவர், ஹுவான் குஸ்மான் டொமினிக்கன். பயிற்றுவிப்பாளர் சீட்டோ காஸ்டன் டெக்சாஸ்காரர், உலகத் தொடரை வெண்ட முதலாவது கறுப்பினப் பயிற்றுவிப்பாளர். "கனடா வெண்டது" எண்டு கத்தின அணியில கனடாக்காரரைத் தேடவேணும். கோப்பை கழுவின எனக்கு அது பிடிச்சிருந்தது.

அடுத்த வருசமும் எடுத்தவை. அதுக்குப் பிறகு இல்லை. 2025 நவம்பர் முதலாம் திகதி சொந்த மைதானத்தில ஏழாவது ஆட்டத்தில டொட்ஜர்ஸிட்ட 5-4 எண்டு தோத்தது, அதுவும் 11 இன்னிங்ஸில. உங்கட மேசையில ஆரும் அதைப்பற்றிக் கதைச்சால் பகிடி விடாதேங்கோ. புண் ஆறேல்லை.

கேள்வி: நன்றி அண்ணை. விளையாட்டு கொஞ்சமும் விளங்காமல் நேர போய்ப் பாத்தால் சரிவருமா? வீட்டுக்காரியும் வாறா எண்டுறா.

பதில்: தாராளமாப் போங்கோ. ரெண்டு விசயம் தெரிஞ்சால் காணும். பின்னுக்குத் தட்டி நாலு எடுக்கிற வேலை இங்க இல்லை, முன்னுக்கு விரிஞ்சு போற ரெண்டு கோட்டுக்குள்ள பந்து போகவேணும். மூண்டு பேர் அவுட்டானால் மற்றப்பக்கம் வந்து அடிக்கும். மிச்சத்தைப் பக்கத்தில இருக்கிறவை கேக்காமலே சொல்லித் தருவினம்.

ஏப்ரல், மே மாசத்தில கிழமை நாள் இரவு ஆட்டமாப் பாருங்கோ, மேல்தட்டு ரிக்கெற் எடுங்கோ. யூனியன் ஸ்ரேசனில இறங்கி நடக்கலாம், காரைக் கொண்டுபோய்ப் பார்க்கிங்குக்கு அழாதேங்கோ. மைதானத்துக்குப் பேர் இப்ப றொஜர்ஸ் சென்ரர், ஆனா பழைய ஆக்களிட்ட "ஸ்கைடோம்" எண்டு சொல்லுங்கோ, முகம் மலரும். கூரை திறந்திருந்தால் இரவில வாவிக் காத்து குளிரும், ஜக்கற் மறக்கவேண்டாம்.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் போத்தலும் ரின்னும் விடமாட்டினம். மட்டன் ரோல்ஸ் எண்டால் கொஞ்சம் கூடவே கட்டுங்கோ. மூண்டாவது இன்னிங்ஸுக்குள்ள பக்கத்துக் கதிரைக்காரன் இது என்ன எண்டு கேப்பான்.