லிங்க்டு சர்வரிலிருந்து வட்டின் காலி இடத்தைப் படிப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். கடலூர் அலுவலகத்தின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2019 தரவுத்தள மென்பொருளில், புதுச்சேரிக் கிளையின் சர்வரை லிங்க்டு சர்வராக, அதாவது இங்கிருந்தே அதன் தரவைப் படிக்கும்படி, இணைத்திருக்கிறோம். அட்டவணைகளை நான்கு பகுதிப் பெயரால் (சர்வர், தரவுத்தளம், ஸ்கீமா, அட்டவணை) சிக்கலின்றிப் படிக்க முடிகிறது. ஆனால் எனக்கு வேண்டியவை அந்தக் கணினியின் நிலவரங்கள்: நினைவக அளவு, சர்வர் கடைசியாகத் தொடங்கிய நேரம், எல்லாவற்றுக்கும் மேலாக வட்டில் மீதமுள்ள இடம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் அடிக்கடி தடைப்படும்போது அங்கே ஆள் அனுப்பிப் பார்க்க இயலாது என்பதால் இது மிக அவசியமாகிறது.

முதல் இரண்டையும் 'டி.எம்._ஓ.எஸ்._சிஸ்_இன்ஃபோ' என்ற வியூ (அட்டவணை போலப் படிக்கக்கூடியது) தந்துவிடுகிறது. வட்டின் காலி இடத்தைச் சொல்லும் 'டி.எம்._ஓ.எஸ்._வால்யூம்_ஸ்டாட்ஸ்' அப்படியல்ல; அது அட்டவணையைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் என்பதால், அதை நான்கு பகுதிப் பெயரால் அழைத்தால் 4122 என்ற பிழை வருகிறது. அதையே, கொயரியை அப்படியே அடுத்த சர்வருக்கு அனுப்பும் ஓப்பன்கொயரிக்குள் எழுதினால் தொலைவிலுள்ள சர்வரிலேயே இயங்கி விடை தருகிறது. ஆனால் ஓப்பன்கொயரி மாறிகளை ஏற்காததால், சர்வர் பெயரை மாற்றி மாற்றி அழைக்க ஒவ்வொரு முறையும் கொயரியை எழுத்துச் சரமாகக் கோத்து இயக்கும் டைனமிக் கொயரி கட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இது முறையான வழியாகத் தோன்றவில்லை.

லிங்க்டு சர்வரிலேயே கட்டளையை இயக்கும் 'எக்ஸிக்யூட் அட்' கட்டளைக்காக, அதற்கு இசைவு தரும் ஆர்.பி.சி. அவுட் அமைப்பை இயக்கி, லிங்க்டு சர்வர் கணக்குக்கு 'வியூ சர்வர் ஸ்டேட்' (சர்வரின் நிலவரங்களைப் பார்க்கும்) அனுமதி மட்டும் கொடுத்தால் போதுமா, அதனால் பாதுகாப்புக்குக் குறைவு வருமா என்பதை, இதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.